சரியாகப் பயன்படுத்தினால் பரவாயில்லையா?

போன மாதம் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் கையில் திணித்த தாளில், ‘மாற்றுத்திறனாளிகளைத் தவறாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்’ என்று இருந்தது. பக்கத்தில் காலில் காலிப்பர் என்ற தாங்குகருவி மாட்டியிருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, “அப்ப சரியாப் பயன்படுத்தினா பரவாயில்லையா தம்பி?” என்றார்.

வேர்க்கதை சின்னது. தாளில் இருந்தது அப்யூஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம். அந்தச் சொல்லின் லத்தீன் வேரில் ‘பயன்படுத்து’ ஒளிந்திருக்கிறது. அதற்கு ஈடாக வந்த வடமொழிச் சொல் துஷ்பிரயோகம். இலங்கைப் பத்திரிகைகளில் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’ நிலைத்தே விட்டது. வடமொழி என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. அதிகாரத்துக்கு முறையான பயன்பாடு என்று ஒன்று உண்டு, அதை மீறினால் அதிகார துஷ்பிரயோகம், சரி. மனுஷனுக்கு என்ன பயன்பாடு, அவர் என்ன மிக்ஸியா? தனித்தமிழ் ஆக்குகிறேன் என்று ‘தவறாகப் பயன்படுத்துதல்’ போட்டவர் அந்தக் கோளாறைப் பச்சையாக வெளியே எடுத்து வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவைப் பாருங்கள். பராமரிப்பில் இருப்பவருக்கு வேண்டுமென்றே சோறு தண்ணீர் தராமல் இருப்பது, அவருடைய துணைக்கருவியைச் சேதப்படுத்துவது, ஊர் பார்க்க அவமானப்படுத்துவது எல்லாம் அதில் வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஊன்றுகோலைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணனும் அண்ணியும் கல்யாணத்துக்குப் போய்விட்டால் அங்கே யார் எதைத் ‘தவறாகப் பயன்படுத்தினார்கள்’?

அதற்குத் தமிழில் பெயர் கொடுமை. வரதட்சணைக் கொடுமை என்றால் யாருக்கும் அகராதி வேண்டாம். கொடு என்றால் வளைந்தது. கொடுவாள், கொடுங்கோல் எல்லாம் அந்த வழிதான். வள்ளுவர் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமாகக் கொடுங்கோன்மையை வைத்தார். ஒருவரைக் காக்கவேண்டிய கையே வளைந்துபோவதை இதைவிடப் பொருத்தமாக எந்தச் சொல் காட்டும்?

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் சாக்கு எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவுத் தலைப்பில் குரூயல்டி வருகிறது, அடுத்த 7ஆம் பிரிவில் அப்யூஸ், வயலன்ஸ், எக்ஸ்ப்ளாய்டேஷன் என மூன்று சொல் வரிசையாக வருகிறது, கொடுமையைக் குரூயல்டிக்கே செலவழித்தாயிற்று என்பார்கள். குரூயல்டியைக் கொடூரம் என்று வைத்துக்கொண்டு, கொடுமைப்படுத்துதல், வன்முறை, சுரண்டல் என்று போகவேண்டியதுதானே. இந்த 7ஆம் பிரிவுதான் விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் சொல்லலாம் என்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரியாத சொல்லை வைத்துக்கொண்டு அவர் எதைப் போய்ச் சொல்வார்?

அந்தத் தாள் சுரண்டலையும் விட்டுவைக்கவில்லை, ‘ஆதாயப் பயன்பாடு’ ஆக்கியிருந்தது. தங்கையின் ஏடிஎம் அட்டையைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் அவளுடைய உதவித்தொகையை எடுக்கிறவன், தேங்காய் மூடியைக் கடைசித் துருவல் வரை சுரண்டுவதைப் போலத்தான் சுரண்டுகிறான்.