சாற்றுக்கு அரை மணி, இறாலுக்கு இரண்டு நிமிடம்

வெங்காயம், பூண்டு, செலரி, பிரிஞ்சி இலை, மிளகு எல்லாம் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இறாலையோ நண்டையோ போட்டால், அந்த வாசனை முழுக்கச் சதைக்குள் இறங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இறங்காது. உப்பு மாதிரி சின்னத் துகளே மூன்று நிமிடத்தில் சதைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவது பெரிய விஷயம், வாசனை மூலக்கூறுகள் அதைவிடப் பெரியவை, இன்னும் மெதுவாகத்தான் நகரும். இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பது இந்த மாதிரிப் பரவலின் கணக்கு. நண்டுக்கு மேலே ஓடு வேறு இருக்கிறது.

அப்படியானால் சாறு எதற்கு? பாதி, மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதற்கு. மீதிப் பாதி எதிர்த்திசையில் நடக்கிறது: சதையிலிருந்து ருசி வெளியே வந்து சாற்றில் சேர்கிறது. என்னைக் கேட்டால் இந்தச் சமையலில் சுவாரஸ்யமான பகுதி அதுதான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல் மீன்கள் தங்கள் ரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவைத்தான் வைத்துக்கொண்டு, மீதி உப்பை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. இறால், நண்டு, மட்டி, சிப்பி வகையறாக்கள் பெரும்பாலும் அந்தப் போராட்டத்துக்கே போவதில்லை, அவற்றின் உடல்நீர் கடல் அளவுக்கே உப்பாக இருக்கும். ஆனால் செல்லுக்குள்ளே அவ்வளவு உப்பு புகுந்தால் புரதங்கள் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் செல்கள் அந்த இடத்தை கிளைசின், அலனின், குளூட்டமேட் போன்ற அமினோ அமிலங்களைக் கொண்டு நிரப்பிக்கொள்கின்றன. கிளைசினும் அலனினும் இனிக்கும். குளூட்டமேட்தான் இறைச்சிச் சாற்றில் வருவது போன்ற உமாமி ருசிக்குக் காரணம் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908-இல் கண்டுபிடித்தார். ஆக, உப்பில் வாழ்வதற்காக அந்த உயிர் சேர்த்து வைத்ததைத்தான் நாம் இனிப்பு என்று ரசிக்கிறோம். அப்புறம் தசையில் ஆற்றலுக்காக இருக்கும் ஏடிபி சிதைந்து ஏஎம்பி என்ற நியூக்ளியோடைடு உருவாகிறது, அது குளூட்டமேட்டோடு சேரும்போது ருசி கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறும். இவை எல்லாமே தண்ணீரில் கரைபவை. பானையில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் அவ்வளவும் நீர்த்துப்போய்விடும்.

இப்போது வாசனைப் பொருட்கள். இவற்றுக்கு நேரம் வேண்டும், ஆனால் வெறித்தனமான கொதி வேண்டாம். இலை, வேர், மசாலாப் பொருட்களின் மணம் பெரும்பாலும் எண்ணெய்த் தன்மை கொண்டது, தண்ணீரில் முணுமுணுத்துத்தான் கரையும், ஆவியாகி ஓட மட்டும் முந்திக்கொள்ளும். வீடெல்லாம் மணக்கிறது என்றால் அந்த மணம் பானையை விட்டுப் போய்விட்டது என்றும் பொருள். மூடி போட்டு, லேசாகக் குமிழி விடும் சூட்டில் இருபது முப்பது நிமிடம் போதும். நறுக்கிய வெங்காயத்தில் இந்த நேரத்தில் இறைச்சிச் சாறு மணக்கும் கந்தகச் சேர்மம் ஒன்று மெல்ல உருவாகிறது, அவசரப்பட்டால் அது கிடைக்காது. எலுமிச்சைச் சாறு, வினிகர், ஒயின் எதுவானாலும் காய்கள் மெத்தென்று ஆன பிறகே ஊற்றவும், அமிலத் தண்ணீரில் காயின் செல்சுவர் சீக்கிரம் இளகாது. மிளகையும் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் போதும், நெடுநேரம் கிடந்தால் கசப்பு ஏறும்.

அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடல் உணவில் வரும் கவிச்சி வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்திலமின் போன்ற அமின்கள். இவை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல) கொண்டவை, அமிலம் பட்டதும் உப்பாக மாறிவிடும், அப்புறம் ஆவியாகி மூக்குக்கு வராது.

சாறு தயார் என்றால் எல்லாமே வேகமாக நடக்க வேண்டும். தசையின் மயோசின் புரதம் 50 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே உறையத் தொடங்கும், சதை வெள்ளையாகி இறுகும். இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதமும் உருக்குலைந்து, சதை தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ரப்பர் மாதிரி ஆன இறால் இங்கேதான் பிறக்கிறது. ஆட்டுக்கால் போல நீண்ட நேரம் வைத்தால் மறுபடி இளகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம், இளகிக் கூழாகிற அளவுக்கு இணைப்புத் திசு இறாலில் இல்லை. சாறு 100 டிகிரியில் கொதிக்கிறது, சதைக்குத் தேவை 63 டிகிரி அளவுதான், அதனால் இறாலைப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவைப்பதும் நல்ல வழியே.

நிறத்தை நம்பி மட்டும் இறக்கிவிடாதீர்கள். இறால், நண்டு, சிங்கி இறால் இவற்றின் ஓட்டில் அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறமி முதலிலிருந்தே இருக்கிறது. சிங்கி இறாலில் கிரஸ்டசயனின் என்ற புரதம் அதை இறுக்கிப் பிடித்து, அது உறிஞ்சும் ஒளியையே மாற்றிவிடுவதால் ஓடு கருநீலமாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் குலைய, நிறமி விடுபட்டுத் தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. இது முதலில் நடப்பது ஓட்டில், உள்ளே நடுச்சதை இன்னும் வேகாமல் இருக்கலாம்.

மட்டி, சிப்பிக்குக் கதையே வேறு. அரைக் கோப்பைச் சாறு, இறுக்கமான மூடி, நல்ல தீ. ஒரு கிராம் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 335 ஜூல் போதும், ஆனால் ஒரு கிராம் நீராவி ஓட்டின் மேல் பட்டுத் தண்ணீராகும்போது ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. மூழ்கவைக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு ஓடுகளையும் இணைக்கும் கீலில் உள்ள நார், அமுக்கிவைத்த ரப்பர் மாதிரி, எப்போதும் திறக்கவே பார்க்கும், உள்ளே இருக்கும் தசைதான் இழுத்து மூடிவைக்கிறது. சூட்டில் அந்தத் தசையின் பிடி விட்டதும் ஓடு திறந்து, உள்ளிருந்த நீர் சாற்றில் கொட்டும். அது ஏற்கெனவே உப்பு. எனவே சாற்றில் முன்கூட்டி உப்பு போட்டவர் பாடு திண்டாட்டம்தான்.

திறக்காத சிப்பி எல்லாம் கெட்டது என்று சொல்வார்கள். ஆஸ்திரேலிய மீன்வள ஆய்வாளர் நிக் ருவெல்லோ சோதித்துப் பார்த்ததில், நன்றாக வெந்தும் சில திறக்காமலேயே இருந்தன. உணவுப் பாதுகாப்புத் துறைகள் பல இன்னும் தூக்கிப் போடத்தான் சொல்கின்றன, ஒன்றிரண்டுதானே, போட்டுவிட்டுப் போகலாம். உண்மையில் கவனிக்க வேண்டியது சமைக்கும் முன்பு: தட்டியும் மூடாமல் வாய் பிளந்தே கிடப்பது இறந்துபோனது.

இவை கடல்நீரை வடிகட்டித் தின்பவை, நாமோ குடலோடு சேர்த்துத் தின்கிறோம். அதனால் நீரில் இருந்த, வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸும் கூடவே வரும். அதை ஒழிக்க உள்சதை 90 டிகிரியில் 90 விநாடி இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல், இங்கே மென்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே புத்திசாலித்தனம். பாசிகளிலிருந்து சேரும் நஞ்சுகளை எந்தக் கொதியும் அழிக்காது. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். டொமோயிக் அமிலம் என்ற பாசி நஞ்சுதான் காரணம், வேகவைத்தும் அது போகவில்லை. பாசி எச்சரிக்கை உள்ள கடற்பகுதியில் பிடித்ததைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

ஒவ்வாமையும் அப்படித்தான். அதற்குப் பெரும்பாலும் காரணமான ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் சூட்டைத் தாங்கும், தண்ணீரிலும் கரையும். ஒவ்வாமை உள்ளவர், சதையை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குடிக்கிறேன் என்றால் கொடுத்துவிடாதீர்கள்.