புடிச்ச புக்குல செலோ டேப் ஒட்டாதீங்க, கெஞ்சி கேக்குறேன்

டேப்பு ஒட்டி கெட்டுப்போன புக்கு என்கிட்ட வர்றது, இந்த மாசத்துல இது நாலாவது தடவ. ஒண்ணு ரெண்டுன்னா வாய மூடிகினு வேலய பாத்திருப்பேன், நாலாவது வந்ததும் எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன்.

நான் வேலூர்ல பைண்டிங் வேலை செய்யுறவன். ஆபீஸ் ரெஜிஸ்டர், காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் எல்லாம் வயித்துப்பாட்டுக்கு, பழைய புக்கு ரிப்பேர் ஆசைக்கு. போன வாரம் குடியாத்தம் பக்கத்துலருந்து ஒரு அம்மா வந்தாங்க, நாவல் எழுதுறவங்க. மஞ்சப்பையில மூணு புக்கு. "தம்பி, இது மூணும் இல்லன்னா நான் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன், எப்படியாவது சரி பண்ணி குடு"ன்னாங்க. வெளிய எடுத்தா மூணுலயும் டேப்பு. முதுகுல டேப்பு, அட்டையில டேப்பு, கிழிஞ்ச பக்கத்துக்கு குறுக்கால டேப்பு. அம்மாவுக்கு உதவி பண்றேன்னு பையன் ஒட்டினதாம்.

முதல் புக்கு மு.வ.வோட அகல் விளக்கு. 1961ல சாகித்ய அகாதமி வாங்கின நாவல், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா இந்த அம்மாவுக்கு விஷயம் வேற. கதை ஆரம்பிக்கிறதே நம்ம வாலாசாவுல. "கதைன்னா மெட்ராஸ்லயும் தஞ்சாவூர்லயும்தான் நடக்கும்னு நெனச்சிகினு இருந்தேன், பஸ்ல போற வழியில இருக்குற ஊரு புக்குக்குள்ள வந்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு"ன்னாங்க. அந்த வாலாசா வர்ற முதல் பக்கத்து மேலதான் டேப்பு. நான் ஓரத்த லேசா தூக்கினேன், பேப்பரோட மேல்தோலும் மூணு எழுத்தும் டேப்போடயே வந்துடுச்சு. கைய எடுத்துட்டேன்.

இப்ப கேளுங்க. டேப்பு ஒட்டினா புக்கு பத்திரமா இருக்கும்னு நெனக்கிறீங்கல்ல, ஒட்டின அன்னிக்கு அப்படித்தான் தெரியும், பளபளன்னு நல்லாவே இருக்கும். நாலஞ்சு வருஷத்துல பிளாஸ்டிக் காஞ்சி சருகு மாதிரி தானா உதிரும், கோந்து மட்டும் பேப்பருக்குள்ள எறங்கி பழுப்பா ஒரு பட்டை நிக்கும், அந்த பட்டை அடுத்த பக்கத்துக்கும் ஊறும், அப்புறம் ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதுவும் நம்ம ஊர் வெயில்ல, மே மாசம் நாப்பது டிகிரி தாண்டுற ஊர்ல, கோந்து எளகாம இன்னா பண்ணும். "நல்ல கம்பெனி டேப்புதான்பா"ன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்தாரு. எந்த கம்பெனியா இருந்தா இன்னா, பார்சல் ஒட்டுறதுக்கு செஞ்சது சார் அது. கிழிசல் ரெண்டு இன்ச்சு, டேப்பு கெடுக்குறது ரெண்டு பக்கம். புதுசா ஒட்டினதுன்னா ஹேர் டிரையர் சூடு லேசா காட்டி தகடு உட்டு மெல்ல மெல்ல எடுக்கலாம், பழசுன்னா கறை நின்னது நின்னதுதான்.

ரெண்டாவது ராஜம் கிருஷ்ணனோட கரிப்பு மணிகள், தூத்துக்குடி உப்பளத்து ஜனங்க கதை. அந்த எழுத்தாளரு அங்கயே போய் ஜனங்களோட பழகி பாத்து எழுதினவங்க. இந்த அம்மாவோட அம்மா பீடி சுத்தினவங்களாம், "கூலி வேலய பத்தி நாவல் எழுதலாம், ஆனா போய் பாத்துட்டுத்தான் எழுதணும்னு இதுலதான் கத்துக்கிட்டேன்"னாங்க. ராஜம் கிருஷ்ணன் புக்கெல்லாம் நாட்டுடமை ஆனது, யாரு வேணா அச்சடிக்கலாம், புது காப்பியே வாங்கிடலாமேன்னு நானே சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் பேசாம நடுவுல ஒரு பக்கத்த தெறந்து காட்டினாங்க, ஓரம் பூரா பென்சில் எழுத்து, இந்த ஆளு சம்பளத்த யாரு எழுதறாங்க, எங்கம்மா இப்படி பேசுவாளான்னு பொடிப் பொடியா. அதுல பாதி பக்கத்துல எழுத்து பாதிதான் இருக்கு. முன்ன எங்கயோ பைண்டிங் குடுத்தப்ப ஓரத்த சமமா வரட்டும்னு மெஷின்ல கட்டிங் போட்டுட்டாங்க. எங்க தொழில்காரங்கள நானே சொல்றது கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா குடுக்கும்போதே "கட்டிங் வேணாம்"னு வாயத் தெறந்து சொல்லிடுங்க.

மூணாவது கிர்கிஸ் எழுத்தாளர் ஐத்மாத்தவோட முதல் ஆசிரியர், ரஷ்யாலருந்து வந்தது, ஸ்கூல்ல பேச்சுப் போட்டி பரிசாம். அது பெருசா சேதமில்ல. என் கைக்கு வந்த ரஷ்யா புக்கெல்லாம் நூல் தையல்தான், நூலு போனா மறுபடி தைச்சிக்கலாம். இப்ப வர்ற நாவலெல்லாம் முதுகுல சூட்டுப்பசை, ரெண்டு தடவ விரிச்சா பொல பொலன்னு கொட்டுது, ஆனா வெலைய மட்டும் பாருங்க. சரி, அத விடுங்க.

கிழிஞ்சா என்ன பண்றதுன்னா, ஒண்ணுமே பண்ணாதீங்க. கிழிஞ்ச துண்ட ஒரு கவர்ல போட்டு அதே பக்கத்துல வெச்சிடுங்க. அட்டை கழண்டா காட்டன் நாடாவால தளர கட்டுங்க, ரப்பர் பேண்ட் போடாதீங்க, அதுவும் உருகி ஒட்டும். ஒட்டியே ஆகணும்னா மைதா பசை, புக்கு ரிப்பேருக்குன்னே வர்ற மெல்லிசு டிஷ்யூ பேப்பர் (கை தொடைக்கிறது இல்ல), போதும், தப்பா ஒட்டினாலும் தண்ணி தொட்டா விட்டுடும். பூச்சிக்குன்னு பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்குறது எங்க பழக்கம், நல்ல புக்குக்கு இப்ப நான் போடறதில்ல, அன்னன்னிக்கு காய்ச்சிக்கிறேன். லேமினேஷன் வேணவே வேணாம், பண்ணிட்டா திரும்ப பிரிக்க முடியாது. புக்க அரிக்கிற ராமபாணப் பூச்சி வந்துடுச்சுன்னு மொட்டமாடி வெயில்ல காயப்போடாதீங்க, பேப்பர் அப்பளம் மாதிரி ஆயிடும். நனைஞ்சாலும் வெயில் கூடாது. 2021 நவம்பர்ல பாலாறு பொங்கினப்ப வந்த புக்குல பாதிய வெயில்ல வெச்சே கெடுத்துட்டு கொண்டாந்தாங்க. நடுநடுவுல வெள்ளை பேப்பர் சொருகி ஃபேன் காத்துல வைங்க, நெறைய இருந்தா பாலித்தீன் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல போட்டுட்டு அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம். ரெண்டு நாள் சும்மா விட்டா பூஞ்சை புடிச்சிடும்.

அந்த அம்மா கெளம்பும்போது, கரிப்பு மணிகள்ல ஒரு பக்கத்துல இருந்த எண்ணெக் கறைய காட்டி, இத மட்டும் எடுத்துடாத தம்பி, வட சுட்டுகினே படிச்சதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. எடுக்கல. வாலாசா பக்கத்துல உரிஞ்சி வந்த மூணு எழுத்தையும் டேப்புலருந்து பிரிச்சி கண்ணாடித் தட்டுல வெச்சிருக்கேன், நாளைக்கு உக்காந்து ஒட்டணும், ஃபேன் நிறுத்திட்டு.