நூறாண்டு பழைய பிரேதப் பரிசோதனை அறிக்கை உங்கள் கைக்கு வந்தால்

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பழைய வழக்குக் காகிதங்களின் நகல்கள். அவருடைய தாத்தாவின் அக்கா சம்பந்தப்பட்ட வழக்கு அது. தன் பச்சிளம் குழந்தையை மூச்சுத் திணறடித்துக் கொன்றதாக அந்தப் பெண் மீது குற்றம் சாட்டியிருந்தார்கள். நடந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது, வீடு விடவில்லை. அதற்குப் பிறகு பிறந்த எவருக்கும் அவர் பெயரை வைக்கவில்லை, அவரைப் பற்றிப் பேசவும் இல்லை. வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அவங்க கொன்னாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்.”

நான் சட்ட மருத்துவம் படித்தவன். இன்றைய சடலங்கள்தான் என் வேலை. ஆனால் பழைய ஆவணக் காப்பகங்கள் கணினிக்குள் வந்ததிலிருந்து, இப்படிக் காகிதங்களோடு வருபவர்கள் கூடிவிட்டார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்கள், ஊர் வரலாறு எழுதுபவர்கள், பழைய கொலை வழக்குகளில் ஆர்வம் கொண்டவர்கள். அக்கறையோடுதான் வருகிறார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். அறிக்கையில் மருத்துவர் கண்ணால் கண்டதும் உண்டு, அதை வைத்து அவர் கட்டிய முடிவும் உண்டு. இரண்டும் அடுத்தடுத்த வரிகளில், ஒரே கையெழுத்தில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே நம்பிவிடுகிறார்கள்.

அந்த அம்மாவின் காகிதத்தையே எடுத்துக்கொள்வோம். “நுரையீரலின் மேற்பரப்பிலும் இதயத்திலும் சிறுசிறு இரத்தப் புள்ளிகள்” என்று மருத்துவர் எழுதியிருந்தார். அது கண்டது. அடுத்த வரி, “எனவே மூச்சுத் திணறடிக்கப்பட்டதால் மரணம்.” இது கட்டிய முடிவு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் தார்டியூ, இந்தப் புள்ளிகள் மூச்சுத் திணறலுக்கு அடையாளம் என்று எழுதிவைத்தார். அவர் பெயரிலேயே அவை அழைக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் நீதிமன்றங்கள் அதைக் கேட்டுத் தலையாட்டின. இன்று எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது வேறு: யாரும் தொடாமல், தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் குழந்தைகளிடமும் இதே புள்ளிகள் இருக்கும். அப்படிப்பட்ட மரணங்களுக்குத் தனிப் பெயர் வைத்ததே 1969இல்தான். அதற்கு முன் அப்படி இறந்த எத்தனையோ குழந்தைகளுக்கு “தாய் புரண்டு படுத்து நசுக்கிவிட்டாள்” என்றோ, அதைவிட மோசமாகவோ ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கிறது.

நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையும் இதே மாதிரிதான். மிதந்தால் குழந்தை உயிரோடு பிறந்து மூச்சு விட்டிருக்கிறது, மூழ்கினால் இறந்தே பிறந்தது என்பது கணக்கு. உடல் அழுகத் தொடங்கினால் உள்ளே வாயு சேர்ந்து நுரையீரல் தானாக மிதக்கும். குழந்தையைப் பிழைக்கவைக்க யாராவது வாயில் ஊதியிருந்தாலும் மிதக்கலாம். இந்தச் சந்தேகங்கள் அந்தக் காலத்து மருத்துவர்களுக்கும் தெரியாதவை அல்ல. இருந்தும் எத்தனையோ தாய்மார்கள், அதிலும் கல்யாணம் ஆகாத வேலைக்காரப் பெண்கள், இந்த ஒரு சோதனையை வைத்துக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். இங்கிலாந்தில் பிரசவத்துக்குப் பிறகு மனநிலை குலைந்த தாயின் செயலைக் கொலையிலிருந்து பிரித்துப் பார்க்கும் சட்டம் வந்தது 1922இல். அதற்கு முந்தைய தீர்ப்புகளை வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் பழைய மருத்துவ முடிவுகள் எல்லாமே கொலை இல்லாத இடத்தில் கொலையைக் கண்டனவா? கிடையாது. கண்ணெதிரே கொலை நடந்தும் தெரியாமல் போனதும் ஏராளம். 1911 செப்டம்பரில் லண்டனில் எலிசா பாரோ என்ற பெண் இறந்தார். வயிற்றுப்போக்கு என்று மருத்துவர் சான்றிதழ் கொடுத்தார், உடலைப் பார்க்காமலேயே. அது வெயில் கடுமையாக இருந்த வருடம், வயிற்றுப்போக்கும் பரவியிருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உறவினர்கள் பிறகு கேள்வி கேட்டதால்தான் உடலைத் தோண்டியெடுத்தார்கள். உள்ளே ஆர்செனிக். அவர் குடியிருந்த வீட்டுக்காரர் ஃபிரடெரிக் செடன் 1912 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அந்த உறவினர்கள் கேட்காமல் இருந்திருந்தால், இன்று அந்தச் சான்றிதழைப் புரட்டும் நாம் இயற்கை மரணம் என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

ஆர்செனிக் என்று பார்த்ததும் விஷம் வைத்தார்கள் என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. அந்தக் காலத்தில் ஈ கொல்லும் காகிதம், மருந்து, சாயம் என எல்லாவற்றிலும் அது இருந்தது. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சடலத்தைப் பதப்படுத்தும் திரவத்திலேயே ஆர்செனிக் கலந்தார்கள். புதைத்த மண்ணிலிருந்தும் அது உடலுக்குள் போகலாம்.

இரத்தக் கறை விஷயத்தில் வருடத்தைக் கட்டாயம் பாருங்கள். கறை மனித இரத்தமா, விலங்கின் இரத்தமா என்று பிரிக்கும் சோதனையை ஜெர்மனியில் ஊலன்ஹூத் வெளியிட்டது 1901இல். லேண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பற்றி எழுதியதும் அதே வருடம். காய்ந்த கறையில் இரத்த வகை கண்டுபிடிக்கும் முறையை இத்தாலியில் லத்தேஸ் கொண்டுவந்தது 1915இல். கண்டுபிடித்த மறுநாளே எல்லா ஊர்க் காவல் நிலையத்துக்கும் அது போய்ச் சேர்ந்துவிடவும் இல்லை. ஆகவே 1905ஆம் வருடத்து வழக்கு ஒன்றில் “சட்டையில் இரத்தம் இருந்தது” என்றால், யார் இரத்தம் என்று அன்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. அதே 1905இல்தான் லண்டனில் பணப்பெட்டியின் மீது பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை இரண்டு சகோதரர்களைத் தூக்குமேடைக்கு அனுப்பியது. இங்கிலாந்தில் ரேகையை வைத்துத் தீர்ப்பான முதல் கொலை வழக்கு அது.

இன்றைய அறிவியலை எடுத்துப்போய் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு கிரிப்பென் வழக்கைச் சொல்வேன். மனைவியைக் கொன்றதாக 1910இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவர் அவர். அவர் வீட்டு நிலவறையில் கிடைத்த தசைத் துண்டில் இருந்த ஒரு தழும்பு முக்கியச் சான்றாக இருந்தது. 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் பழைய மாதிரியின் மரபணுவை, மனைவியின் தாய்வழி உறவினர்கள் என்று கண்டறியப்பட்டவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தவில்லை என்றார்கள். உடனே கேள்விகள் கிளம்பின. இத்தனை வருடம் பலர் கைபட்ட மாதிரி சுத்தமாக இருக்குமா? உறவுமுறைப் பட்டியல் சரியா? அந்த விவாதம் முடிந்தபாடில்லை.

தேடுவது எப்படி என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மரண விசாரணைக் கோப்புகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. பல மரணங்களுக்கு உள்ளூர்ச் செய்தித்தாள் மட்டுமே மிச்சம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் என்ற இணையதளம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம். பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். முதல் நாள் செய்தியில் பெயர் இருக்காது, இருந்தாலும் தப்பாக இருக்கும். தெருப்பெயர், தொழில், “அடையாளம் தெரியாத பெண்” என்றெல்லாம் போட்டுப் பாருங்கள். மணமான பெண் என்றால் கணவர் பெயரில் ஒளிந்திருப்பார். முதல் நாள் செய்தியோடு நிறுத்தாமல் விசாரணை, வழக்கு, மேல்முறையீடு வரை வாருங்கள். முதல் நாள் “கொடூரக் கொலை” என்று வந்தது, மூன்றாம் வாரம் கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் விபத்தாக முடிந்திருக்கும். பிரிட்டிஷ் இந்திய வழக்கு என்றால் ஒரு வழி உண்டு. 1898ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும். கீழ்க்கோர்ட்டுக் காகிதம் கரையான் அரித்துப் போயிருந்தாலும் மேலே ஏதாவது கிடைக்கலாம்.

எழுதியவர்கள் யார் பக்கம் என்பதையும் கேட்டே ஆகவேண்டும். அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொன்ற இடங்களில், ஊரே பார்த்திருக்கும், சில சமயம் படமும் எடுத்திருக்கும். ஆனால் மரண விசாரணைக் குழு “அடையாளம் தெரியாத நபர்களின் கைகளால்” என்று முடித்துவிடும். கொன்றவர்களை மறைப்பதற்கென்றே பயன்பட்ட வாக்கியம் அது. 1882 முதல் 1968 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் என்று டஸ்கீகி என்ற அமெரிக்கக் கல்வி நிறுவனம் எண்ணிவைத்த கணக்கு 4,743. இதில் எல்லா இனத்தவரும் உண்டு, நான்கில் மூன்று பங்குக்கு அருகில் கறுப்பினத்தவர்கள். மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிய மறுத்த கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. அரசுக் காகிதத்தை மட்டும் வாசித்தால், அது கலகக்காரர்கள் மீது எடுத்த நடவடிக்கை. அந்த ஊரில் போய்க் கேட்டால், மாயக்காள் முதலாக இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வார்கள்.

பெயர்களை மீட்பதைத்தான் இந்த வேலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். கதவு பூட்டியிருந்தது என்று சாட்சிகள் சொல்லியும் முதலாளிகள் விடுதலையானார்கள். ஆறு உடல்களுக்கு நூறு வருடம் பெயர் இல்லை. மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களையும் பதிவேடுகளையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டு, 2011இல் அந்த ஆறு பெயர்களையும் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் டல்சா நகரில் 1921இல் கறுப்பினக் குடியிருப்பு எரிக்கப்பட்டபோது இறந்தவர்களில் ஒருவர் சி. எல். டேனியல், முதல் உலகப் போரில் படையில் இருந்தவர். பெயரில்லாத குழியில் கிடந்த அவரை 2024இல்தான் அடையாளம் கண்டார்கள். எலும்பின் மரபணு ஒரு பக்கம், ஆவணக் காப்பகத்தில் கிடைத்த 1936ஆம் வருடத்துக் கடிதம் மறுபக்கம். அவருடைய தாய்க்காக வழக்கறிஞர் எழுதிய கடிதம் அது. இரண்டும் சேர்ந்துதான் வழி காட்டின.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இது என் சொந்தத் தவற்றிலிருந்து வருவது. முன்பொருமுறை இன்னொரு குடும்பத்துக்காக ஒரு பழைய அறிக்கையைப் பார்த்தேன். படியிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணின் கழுத்தில் இரண்டு பக்கமும் கன்றிய தடங்கள். “இது விழுந்ததால் வந்தது மாதிரி தெரியவில்லை, கணவரைத்தான் சந்தேகப்படவேண்டும்” என்று போனிலேயே சொல்லிவிட்டேன். என்னிடம் கேட்டவர் அந்தக் கணவரின் பேரன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தாத்தாவின் மடியில் வளர்ந்தவர். மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சே இல்லை. என் கணிப்பு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு காகிதத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. அன்றிலிருந்து, கேட்பவருக்கு அந்த ஆவணத்தில் உள்ளவர்கள் என்ன உறவு என்று தெரிந்துகொள்ளாமல் நான் எதையும் பேசுவதில்லை. நீங்களும் எழுதி வெளியிடும் முன் அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். விடுதலையானவரைக் கொலையாளி என்று தலைப்பில் போடாதீர்கள். சடலத்தின் படம் கிடைத்தால், அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று குடும்பத்தாரே சொல்லட்டும்.

அந்த அம்மாவுக்கு நான் ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். இந்த அறிக்கையில் உள்ள அடையாளங்கள் இயற்கை மரணத்திலும் இருக்கும். கழுத்திலோ வாயைச் சுற்றியோ காயம் எதுவும் குறிக்கப்படவில்லை. கொலை என்று காட்ட இதில் எதுவும் இல்லை. கொலை இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் இந்தக் காகிதத்தால் முடியாது. கடைசி வரியை அவர் ஏற்றுக்கொள்ளச் சிரமப்பட்டார். அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். நான் எடுக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். நான் சொன்னதைக் கேட்டு அடக்கப் பதிவேட்டைத் தேடிப் போயிருக்கிறார். விசாரணைக் காகிதம் முழுக்க அந்தக் குழந்தை “ஆண் சிசு” மட்டும்தான், செய்தித்தாளிலும் அப்படித்தான். பதிவேட்டில் பெயர் இருந்தது. தாய் வைத்த பெயர். அதற்குப் பக்கத்தில், குடும்பம் நான்கு தலைமுறையாகச் சொல்லாமல் வைத்திருந்த அந்தத் தாயின் பெயரும். நகலை என் மேசைமேல் விரித்து, இரண்டு பெயர்களையும் வாய்விட்டு ஒருமுறை வாசித்தார்.