குமட்டல் எத்தனை மணிக்கு வருகிறது?

நாலு மாதமாகக் குமட்டல் என்று வந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் தடிமனான ஃபைல். எண்டோஸ்கோபி இரண்டு முறை, வயிற்று ஸ்கேன் ஒரு முறை, எல்லாம் நார்மல். கேஸ் மாத்திரை மட்டும் மூன்று விதமாக மாறியிருந்தது. "எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "காலைல சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்கும் டாக்டர். மத்தியானத்துக்கு மேல பரவாயில்ல. ராத்திரி சாப்பிட்டதும் மறுபடியும் வந்துடும்."

காலை, இரவு என்று இரண்டு வேளை சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் போடுகிறார். அதன் அளவை இரட்டிப்பாக்கியது எப்போது என்று பழைய சீட்டில் தேடினால், சரியாக நாலு மாதத்துக்கு முன்பு. அளவைக் குறைத்து, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு போடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் குமட்டல் போய்விட்டது.

எண்டோஸ்கோபி எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. அந்த வயதில் புதிதாகக் குமட்டல் வந்து நிற்காமல் இருந்தால் நானும் எடுக்கத்தான் சொல்வேன். ஆனால் அது ஒரு வாசலை மட்டும் திறந்து பார்ப்பது. குமட்டலை நாம் வயிற்றில் உணர்ந்தாலும் அதை நடத்துவது மூளைத் தண்டு. ரத்தத்தில் இருப்பதையெல்லாம் மூளைக்குள் விடாமல் தடுக்கும் அரண் ஒன்று உண்டு. மூளைத் தண்டில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அந்த அரண் கிடையாது. ரத்தத்தில் ஆகாத பொருள் கலந்தால் மோப்பம் பிடிக்கவே அந்த ஏற்பாடு. குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகவும், உள்காதிலிருந்தும், பயமும் நாற்றமும் பதிவாகும் மேல்மூளையிலிருந்தும் செய்திகள் அங்கே வந்து சேர்கின்றன. ஆகவே வயிறு சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தால் மற்ற மூன்று வழிகளைத் தேட வேண்டும்.

என் அனுபவத்தில் முதலில் தேட வேண்டியது மாத்திரைப் பெட்டியை. இரும்புச் சத்து மாத்திரை, வலி மாத்திரை, டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாட்டிக், கருத்தடை மாத்திரை, இதயத்துக்கான டிகாக்ஸின் எல்லாமே குமட்டலைக் கொண்டுவரும். மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் முதல் ஓரிரு வாரம் குமட்ட வைத்து, பிறகு அடங்கிவிடும். அது தெரியாமல் நாலாவது நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் போடும் செமாக்ளுடைட் ஊசி வயிறு காலியாவதையே தாமதப்படுத்துகிறது, அளவை ஏற்றும்போதெல்லாம் குமட்டும். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல மாதம் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே கடும் குமட்டலையும் மயக்கத்தையும் உண்டாக்கும்.

அப்புறம்தான் கடிகாரம். காலையில் எழுந்ததும் குமட்டல் என்றால் குழந்தை பெறும் வயதில் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. நாற்பத்து நாலு வயதில், மாதவிடாய் நிற்கும் காலம் என்றே நினைத்துக்கொண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டு வந்த கர்ப்பிணியை நான் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் பழுதாகிக் கழிவு தேங்கும்போதும் காலையில்தான் அதிகம். உடம்பு அரிப்பும் கால் வீக்கமும் சேர்ந்திருக்கலாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலியோடு வாந்தி வந்தால் மூளையில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, காலையில் சாப்பிட்டது சாயங்காலம் அப்படியே வாந்தியில் வருகிறது என்றால் இரைப்பை தன் வேலையில் சுணங்குகிறது. பல ஆண்டு சர்க்கரை நோயில் இது வரும். இதற்கென்று ஒரு சோதனை உண்டு: உணவு கொடுத்து, நாலு மணி நேரம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண்டோஸ்கோபியில் அடைப்பு இல்லை என்று தெரியுமே தவிர, இந்த வேகம் தெரியாது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். படுக்கையில் புரண்டால் உலகம் சுற்றிக் குமட்டினால், வயிற்றை விட்டுவிட்டுக் காதைப் பாருங்கள்.

சில சமயம் வயிறே குற்றவாளிதான். இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்ற கிருமி காரணம் என்பதைப் பலரும் நம்பாத காலத்தில், 1984-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அதைக் குடித்தே பார்த்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்து, இரைப்பையில் அழற்சி கண்டிருந்தது. 2005-ல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் பரிசும் வந்தது. (இந்த வைத்திய முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.)

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு பார்ப்பார்கள். சோடியமும் கால்சியமும்தான் பலமுறை விட்டுப்போகும். குமட்டலோடு எடை குறைந்து, எழுந்து நின்றால் தலை சுற்றி, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்து, உப்பு மேல் ஆசையும் வந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி பழுதாகியிருக்கிறதா என்று நினைக்க வேண்டும். அரிதுதான், ஆனால் விட்டால் உயிருக்கே ஆபத்து. கஞ்சா பழக்கத்தால் குமட்டல் வரும் இளைஞர்களிடம் ஒரு விநோதம்: வெந்நீரில் குளித்தால் மட்டும் குமட்டல் அடங்கும். நான் பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் உண்மை வராது, குளியலைப் பற்றிக் கேட்டால் வந்துவிடும்.

எதிலும் ஒன்றும் கிடைக்காதவர்களிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. பதற்றம் குமட்டலைத் தரும், உண்மை. குடல் நரம்புகள் அதிகக் கூச்சம் கொண்டிருப்பதும் உண்மை. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. குறைந்த அளவில் கொடுக்கும் சில மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்குக் கேட்கும். அந்த மாத்திரை ஏன் என்று விளக்காமல் கொடுத்தால் மட்டும் அடுத்த முறை வர மாட்டார்கள்.

வாந்தி மாத்திரையை நீங்களே வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பதில் ஆபத்து உண்டு. ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்த மெட்டோகுளோப்ரமைடை எட்டு மாதம் போட்ட பெரியவர் ஒருவர், வாய் தானாக அசைபோட, கை நடுங்க வந்து உட்கார்ந்தார். மாத்திரையை நிறுத்தியதும் நடுக்கம் குறைந்தது. வாய் அசைவு இன்னும் இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. திடீர்க் குமட்டலோடு வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ அழுத்தம். இது மாரடைப்பாக இருக்கலாம், பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். ரத்த வாந்தி, காப்பித்தூள் நிற வாந்தி, கறுத்த மலம், குழப்பமான பேச்சு, தண்ணீர்கூட உள்ளே நிற்காதது, கழுத்து விறைப்பு இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

மற்றவர்களிடம் இரண்டு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன்: எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, கடைசியாக என்ன சாப்பிட்டபின். அப்படி எழுதி வந்த ஒருவரின் நோட்டில் திங்களும் செவ்வாயும் மட்டும் நிறைந்திருந்தன, மற்ற நாள்கள் காலி. ஞாயிறு இரவு ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டேன்.

"மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் டாக்டர். வாரத்துக்கு ஒரு தடவைதானே, அதெல்லாம் கணக்கா?"