டேப் டிலே: டெம்போ மாறினால் சுருதி ஏன் வழுக்குகிறது?

பழைய டேப் எக்கோ எந்திரத்தைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருளான டேப் டிலே பிளக்-இன்னில் ‘சிங்க்’ பொத்தானை அழுத்தினால் எக்கோ தாளத்தோடு சேர்ந்து விழும். கணக்கு எளிது. 60,000-ஐ பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற டெம்போ அளவு) எண்ணால் வகுத்தால் ஒரு குவார்ட்டர் நோட்டின், அதாவது ஒரு பீட்டின், நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும். 120 பிபிஎம்-இல் அது 500. எய்த் நோட், அதாவது அரை பீட், 250. டாட்டட் எய்த், அதாவது முக்கால் பீட், 375. பாட்டின் நடுவே டெம்போ மாறும்போது எக்கோவின் சுருதி மேலேயோ கீழேயோ வழுக்கிப் போகும். பலர் இதை மென்பொருள் கோளாறு என்று நினைக்கிறார்கள். டேப் எந்திரத்தை நேர்மையாகப் பின்பற்றினால் இப்படித்தான் நடந்தாக வேண்டும்.

அசல் எந்திரத்தில் ஒரு ரெக்கார்டிங் ஹெட் ஒலியை டேப்பில் எழுதும். சற்றுத் தள்ளி இருக்கும் பிளேபேக் ஹெட் அதைப் படிக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை டேப்பின் வேகத்தால் வகுத்தால் டிலே நேரம். விநாடிக்கு 38 செ.மீ. ஓடும் டேப்பில் 5 செ.மீ. இடைவெளி சுமார் 130 மில்லி விநாடி தரும். நேரத்தை மாற்ற இரண்டே வழிகள்தான். 1974-இல் வந்த ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ மோட்டாரின் வேகத்தை மாற்றியது. எக்கோபிளெக்ஸ் என்ற எந்திரம் வேகத்தை அப்படியே வைத்து ஹெட்டை நகர்த்தியது. பிளக்-இன்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பின்பற்றுகின்றன, ஆனால் காதில் விழும் விளைவு வேறு.

மோட்டார் வழியில், வேகம் மாறும் கணத்தில் இரு ஹெட்டுகளுக்கும் நடுவிலுள்ள டேப் பழைய வேகத்தில் எழுதப்பட்டது. இப்போது அது புதிய வேகத்தில் படிக்கப்படுகிறது. 500-இலிருந்து 250-க்குப் போனால் வேகம் இரட்டிப்பு. எக்கோ ஒரு ஸ்தாயி மேலே ஏறும். 500-இலிருந்து 375 என்றால் விகிதம் 4:3. சட்ஜம் சுத்த மத்யமமாகும். அதன்பின் உள்ளே வரும் புதிய ஒலி சரியான சுருதியில் ஒலிக்கும். ஆனால் ஃபீட்பேக் (எக்கோவை மறுபடி டேப்புக்கே அனுப்புவது) இருந்தால், உயர்ந்த சுருதியில் வந்த பழைய எக்கோ அப்படியே மறுபடி எழுதப்பட்டு, தேய்ந்து மறையும்வரை பாட்டோடு மோதிக்கொண்டே இருக்கும். ஹெட் வழியில், நகரும் நேரத்தில் மட்டுமே சுருதி மாறும், அதுவும் நகரும் வேகத்தைப் பொறுத்து. மெதுவாக நகர்த்தினால் காதுக்கே தெரியாது.

டேப்பை மறந்துவிட்டு, பழைய எக்கோவை மங்கவைத்துப் புதியதை ஏற்றுவது மூன்றாவது வழி. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் டிலேயில் ‘ரீபிட்ச்’, ‘ஃபேட்’, ‘ஜம்ப்’ என்று மூன்று தேர்வுகள் உண்டு. டேப் குணம் வேண்டுமானால் ரீபிட்ச், சுத்தமான மாற்றம் வேண்டுமானால் ஃபேட்.

டெம்போ சட்டென்று மாறுகிறதா, படிப்படியாகவா என்பது மிக முக்கியம். 120-இலிருந்து 126-க்கு ஒரே தாவலில் போனால் சுருதி 84 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்) ஏறும், அதாவது ஏறக்குறைய ஒரு அரைச்சுரம். அதே மாற்றத்தை நான்கு பீட் கொண்ட எட்டு பார்களில், அதாவது சுமார் 16 விநாடிகளில் பரப்பினால், ஒவ்வொரு எக்கோவுக்கும் ஏறத்தாழ 3 சென்ட் மட்டுமே. ஆனால் அது கூடிக்கொண்டே போகும். ஆறாவது எக்கோவில் 16 சென்டைத் தொடும், நீண்ட குரல் நோட்டில் அது உறுத்தும்.

வேகம் ஒலியின் நிறத்தையும் மாற்றும். டேப்பில் பதியும் அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தது. விநாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 19 மைக்ரான் கிடைக்கும். பாதி வேகத்தில் அது 9.5. அலை குறுகக் குறுக ஹெட்டின் நுண்ணிய இடைவெளியால் அதைத் தெளிவாகப் படிக்க முடியாது. நீண்ட டிலே மங்கலாக ஒலிப்பது அதனால்தான். சிங்க் மதிப்பை மாற்றிய பிறகு ஒலியின் நிறத்தைச் சரிசெய்யும் ஈக்யூவையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பல ஹெட் கொண்ட மாடல்களில், சிங்க் எந்த ஹெட்டைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹெட்டுகள் 1:2:3 இடைவெளியில் இருந்து, மூன்றாவது டாட்டட் குவார்ட்டரில் (ஒன்றரை பீட்) பூட்டப்பட்டால் முதலாவது எய்த், இரண்டாவது குவார்ட்டர். முதலாவதை டாட்டட் எய்த்தில் பூட்டினால் மூன்றாவது இரண்டேகால் பீட்டில் விழும். வரம்பும் ஒரு பொறி: 60 பிபிஎம்-இல் குவார்ட்டர் நோட் 1,000 மில்லி விநாடி. மாடலின் உச்சம் அதற்குக் கீழே இருந்தால், சில பிளக்-இன்கள் உச்சத்திலேயே நின்றுவிடும். திரையில் ‘1/4’ என்று இருக்க, எக்கோ தாளம் தப்பும்.

டெம்போ தாவும் இடத்தில் வழுக்கல் வேண்டாமென்றால், அதற்கு ஒரு பார் முன்பே டிலேக்குப் போகும் ஒலியை நிறுத்தி, ஃபீட்பேக்கைச் சுழியமாக்குங்கள். டேப் காலியாகிவிட்டால் வழுக்க எதுவும் இராது. வால் தொடர வேண்டுமானால் இரண்டு டிலே வைத்து, சிங்க்கை அணைத்து, பழைய டெம்போவின் மில்லி விநாடி ஒன்றிலும் புதியது மற்றதிலுமாக இடலாம். பாட்டை ஒலிக்கோப்பாக பவுன்ஸ் செய்யும்போது முன்னால் ஒரு வெற்று பார் விடுவது நல்லது, மோட்டார் இயல்பான வேகத்துக்கு வர அது நேரம் தரும். 80 முதல் 140 மில்லி விநாடி வரையிலான ஸ்லாப்பேக் எனும் குறுகிய எக்கோவுக்குச் சிங்க் தேவையே இல்லை, காதால் வையுங்கள்.