வழக்கே இல்லாதவரை எப்படி வெளியே எடுப்பது?

"கேஸ் எதுவும் போடலையாம் சார்" என்று சொல்லும்போது அந்தத் தம்பியின் முகத்தில் ஒரு நிம்மதி. அவருடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் கவரிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த தாளில் மொத்தமே நாலு வரி. ஒரு பெயர், ஒரு சட்டப் பிரிவு எண், 'நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகமாக' என்று ஒரு சொற்றொடர், அடியில் முத்திரை. என்ன செய்தார், எப்போது, எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை.

பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுக்காக ஆஜராகும் எனக்கு, பெரும்பாலும் அந்த நிம்மதியைக் கலைப்பதுதான் முதல் வேலை. வழக்கு என்று ஒன்று இருந்தால் குற்றப்பத்திரிகை வரும், ஜாமீன் கேட்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், கடைசியில் விடுதலையோ தண்டனையோ ஒரு முடிவு உண்டு. வழக்கே இல்லையென்றால் எதைத் தோற்கடிப்பது? திருடிவிட்டு உள்ளே போனவருக்கு வெளியே வரும் தேதி தெரியும். சந்தேகத்தின் பேரில் தடுப்புக் காவலில் இருப்பவருக்கு அது தெரியாது.

சர்வதேசச் சட்டம் இதை அடியோடு தடை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி நேரடியாக ஒரு வரி கிடையாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, யாரையும் 'தன்னிச்சையாக' (தக்க காரணமோ முறையோ இல்லாமல்) கைது செய்யவோ அடைத்து வைக்கவோ கூடாது என்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் சண்டை முழுவதும். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2014இல் தந்த விளக்கம் (35ஆம் பொதுக் கருத்துரை) எங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். வழக்குத் தொடரும் எண்ணமே இல்லாமல் அடைத்து வைப்பது, சாதாரணமாகப் பார்த்தால், தன்னிச்சையான காவல்தான் என்கிறது அது. மிக அபூர்வமான சூழலில் அரசு அப்படிச் செய்தாலும், இந்த ஆள் இப்போதே நேரடியான ஆபத்து, வேறு வழியில் அதைத் தடுக்க முடியாது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். நாள் ஆக ஆக அந்தச் சுமை கூடும். நான் பார்த்த வரையில் நடப்பது தலைகீழ்: நாள் ஆக ஆகக் கோப்பு அலமாரிக்குள் பின்னால் போய்விடும், நீட்டிப்பு உத்தரவு மட்டும் பழைய வாசகத்தோடு வந்துகொண்டிருக்கும்.

சரி, நெருக்கடி நிலை அறிவித்துவிட்டால்? அதே உடன்படிக்கையின் 4ஆம் பிரிவின்படி, நாட்டின் உயிருக்கே ஆபத்து என்கிற அளவு நெருக்கடியில் 9ஆம் பிரிவை ஓரளவு தளர்த்தலாம். ஆனால் காவல் சட்டப்படியானதா என்று நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையை அப்போதும் குறைக்க முடியாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த அக்சோய் வழக்கைப் பாருங்கள். துருக்கியின் தென்கிழக்கில் நெருக்கடி இருந்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஒருவரைப் பதினான்கு நாள் நீதிபதியின் கண்ணில் காட்டாமல் வைத்திருந்ததை ஏற்கவில்லை. அந்த நாட்களில்தான் அவரைக் கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குற்றச்சாட்டின் பேரில் பிடித்தவரை சுமார் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்துங்கள் என்று அதே 35ஆம் கருத்துரை வற்புறுத்துவதன் காரணம் இதில் இருக்கிறது. தடயம் உடம்பில் இருக்கும்போதே வெளியாள் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

வெளியாள் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது லக்தர் பூமெதியனின் கதை. அல்ஜீரியாவில் பிறந்து, போஸ்னியாவில் செம்பிறைச் சங்கம் என்ற நிவாரண அமைப்பில் வேலை பார்த்தவர். 2001 அக்டோபரில், சரயேவோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தைத் தகர்க்கச் சதி என்ற சந்தேகத்தில் இன்னும் ஐந்து பேரோடு பிடிபட்டார். மூன்று மாத விசாரணைக்குப் பின், ஆதாரம் போதாது என்று 2002 ஜனவரியில் அங்குள்ள நீதிமன்றமே விடுவிக்கச் சொன்னது. வெளியே வந்த கையோடு அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டார். போய்ச் சேர்ந்த இடம் கியூபாவிலுள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோ. 2008 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அங்கிருப்பவர்களும் ஆட்கொணர்வு மனு (காவல் சட்டப்படியானதா என்று நீதிமன்றத்தில் கேட்கும் மனு) போடலாம் என்றது. அதன் பிறகுதான் ஒரு நீதிபதி கோப்பைப் பிரித்தார். தூதரகச் சதிக் குற்றச்சாட்டை அரசே கைவிட்டிருந்தது. ஆறு பேரில் ஐவருக்கு எதிராக மிஞ்சியது, பெயர் சொல்லாத ஒரே ஒரு ஆள் சொன்னதாக ஒரு ரகசிய ஆவணம். நவம்பரில் அந்த ஐவரையும் விடுவிக்க உத்தரவாயிற்று. ஏழு ஆண்டாக அந்தக் கோப்பில் இருந்தது அவ்வளவுதான். 2002 முதல் அந்தச் சிறையைப் பார்த்த ஏறத்தாழ 780 பேரில் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை.

ரகசிய ஆதாரம்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. கட்சிக்காரருக்கே தெரியாத குற்றச்சாட்டுக்கு என்ன பதில் எழுதுவது? லண்டன் பெல்மார்ஷ் சிறையில் வைக்கப்பட்டவர்களின் வழக்கில் 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு அளவுகோல் தந்தது: தகவல் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் காவலில் இருப்பவர் தன் வழக்கறிஞரிடம் உருப்படியாகப் பதில் சொல்லும் அளவுக்காவது விவரம் கொடுத்தாக வேண்டும்.

போர்க்களத்தில் பிடிபட்டவர் விஷயம் வேறு. போர்க்கைதியை விசாரணையின்றி வைத்திருக்க ஜெனீவா ஒப்பந்தமே இடம் தருகிறது, சண்டை ஓய்ந்தால் அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பயங்கரவாதத்துக்கு எதிரான 'போர்' எந்தத் தேதியில் ஓய்கிறது என்று கேட்டால் பதில் வராது.

குடும்பத்தார் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. உத்தரவின் நகலை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், மறுத்ததையும் தேதியோடு குறித்து வையுங்கள். பிடிபட்டவர் வெளிநாட்டவர் என்றால் அவரது தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். உள்நாட்டில் ஆட்கொணர்வு மனு ஓடிக்கொண்டிருக்கும்போதே, தன்னிச்சைக் காவல் பற்றிய ஐ.நா. பணிக்குழுவுக்கும் முறையீடு அனுப்பலாம். உள்ளூர் நீதிமன்றங்களை முடித்துவிட்டு வா என்று அது சொல்வதில்லை. அதன் கருத்து ஒரு அரசைக் கையைப் பிடித்து இழுக்காதுதான், ஆனால் பதில் எழுத வைக்கும், அந்தப் பதிலில் சில நேரம் நமக்கு வேண்டியது கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நேரத்தை எழுதுங்கள். காவல் தொடங்குவது தாளில் எழுதிய நேரத்தில் அல்ல, ஆளைப் பிடித்த நிமிடத்தில். தம்பியிடம் அதைத்தான் கேட்டேன். யோசித்துவிட்டுக் கைப்பேசியைத் தடவினார். 'வாசலில் வண்டி நிக்குது, யாருன்னு பாக்கிறேன்' என்று அண்ணன் அனுப்பிய கடைசிச் செய்தி, இரவு 11.40. தாளில் இருந்த கைதுத் தேதி அதற்கு இரண்டு நாள் கழித்து. மனுவின் முதல் பத்தியை அந்த இரண்டு நாளிலிருந்து ஆரம்பித்தேன்.