பிளக்கில் அடைப்பா, கசடா?

பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் பழைய டிராக்டர் காலையில் கிளம்ப மறுத்து அடம்பிடித்தால், பக்கத்தில் நிற்பவர் வாயிலிருந்து முதலில் வருவது “பிளக் அடைச்சிருக்கும், கழட்டித் துடைச்சுப் பாரு” என்பதுதான். துடைத்தால் பல நேரம் வண்டி ஓடவும் செய்யும். ஆனாலும் ‘அடைப்பு’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) அடைபடும், பெட்ரோல் குழாய் அடைபடும். சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் அடைபடுவதற்குத் துளையே கிடையாது. அதில் நடப்பது மின்சாரக் கசிவு. எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவோம்.

‘பிளக்’ டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். பீப்பாயின் வாயிலும் கப்பலின் ஓட்டையிலும் அடித்து இறுக்கும் மரக்கட்டைதான் அதன் பழைய பொருள், அதாவது நம் தக்கை. ஸ்பார்க் பிளக்கும் ஒரு வகையில் தக்கைதான். சிலிண்டர் ஹெட்டில் 14 அல்லது 18 மி.மீ. மரை போட்ட ஓட்டையை அது மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்காது. ஆங்கிலம் ஓட்டையைப் பார்த்துப் பெயர் வைத்தது என்றால், மற்ற பல மொழிகள் நெருப்பைப் பார்த்து வைத்தன. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ரஷ்யன், பாரசீகம் எல்லாவற்றிலும் இதற்கு மெழுகுவர்த்தி என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்களின் ‘பூஜி’, மெழுகு ஏற்றுமதிக்குப் பேர்போன அல்ஜீரியத் துறைமுகம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது.

தமிழில் ‘தீப்பொறிச் செருகி’ என்று எழுதுகிறார்கள். செருகி என்பது பிளக்கின் நேர் மொழிபெயர்ப்பு. திருகி மாட்டும் பொருளைச் செருகி என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் பழகிவிட்டது, போகட்டும். சுவை எல்லாம் ‘பொறி’யில்தான். கண்ணில் பொறி பறக்கும், மனதில் பொறி தட்டும். எலி மாட்டுவதும் பொறி, கண்ணும் காதும் ஐம்பொறி, சோழன் கொடியில் இருந்தது புலிப்பொறி. இயந்திரத்துக்கும் அதே பெயர், பொறியியல் அங்கிருந்து வந்ததுதான். அதனால் சுருக்கமாக இருக்கட்டும் என்று ‘பொறிச்செருகி’ என்று எழுதினால், எஞ்சினில் செருகும் ஏதோ ஒன்று என்றுகூட ஒருவர் படித்துவிடலாம். முன்னால் அந்தத் ‘தீ’ இருந்தே ஆக வேண்டும்.

இனி நம் கோளாறுக்கு வருவோம். பிளக் கரி பிடித்த நிலையை ஆங்கிலத்தில் ‘ஃபவுல்’ ஆனது என்பார்கள். கால்பந்தில் கேட்கும் அதே ஃபவுல்தான். அதன் மூலப்பொருள் அழுகியது, நாறுவது; சமஸ்கிருதத்தின் ‘பூதி’ (துர்நாற்றம்) இதற்கு உறவுச் சொல். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டுவதையும், துப்பாக்கிக் குழலுக்குள் வெடிமருந்துக் கரி படிவதையும் இதே சொல்லால் குறித்தார்கள். ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும் அழுக்கு என்பதே எல்லாவற்றுக்கும் பொது.

தமிழில் இதற்கு ‘மாசடைதல்’ என்று போட்டால் காற்றும் ஆறும்தான் நினைவுக்கு வரும். ‘கரிபிடித்தல்’ நல்ல சொல், பட்டறையில் புழங்கும் சொல்லும்கூட. ஆனால் பிளக்கில் படிவது கரி மட்டும் அல்லவே, எண்ணெயும் படியும். இரண்டையும் அடக்க ‘கசடு’ இருக்கிறது: ‘கற்க கசடற’வில் வரும் அதே கசடு, எண்ணெய்ப் பாத்திரத்தின் அடியில் தங்குகிற அதே கசடு. ‘கசடேறிய பிளக்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டியிருக்கும் பொருளும் தெரிகிறது, பழுதும் தெரிகிறது.

சரி, கசிவு என்றேனே. பிளக்கின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் கூம்பாகப் பீங்கான், வெளியே மரை போட்ட உலோக உடல், அதிலிருந்து வளைந்து வரும் ஒரு கொக்கி. நடுக்கம்பிக்கும் கொக்கிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் சேர வேண்டும். பீங்கான் வெள்ளையாக இருக்கும்வரை மின்சாரத்துக்கு வேறு வழியில்லை, தாவித்தான் ஆக வேண்டும். பீங்கான்மேல் கரி படிந்துவிட்டால், கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அதன்மேலேயே ஊர்ந்து உடலுக்குப் போய்விடுகிறது. வோல்ட் சேர்வதற்குள் வடிந்துவிடுவதால் பொறி விழுவதில்லை. கழற்றி எஞ்சின் உடம்பில் தொட வைத்து, எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும்போது பொறி விழுந்த பிளக் உள்ளே போனதும் ஊமையாவது இதனால்தான். அழுத்தப்பட்ட காற்றில் தாவுவதற்கு இன்னும் கூடுதல் வோல்ட் வேண்டும்.

கசடு எந்த வகை என்பதைக் கண்ணும் விரலுமே சொல்லிவிடும். தொட்டால் மசியாக ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு: சோக் (கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் மூடி) திறக்காமல் நிற்கிறதா, ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா (இங்கே அடைப்பு சரியான சொல்) என்று பாருங்கள். கறுப்பாகப் பளபளத்து வழவழ என்று இருந்தால் எண்ணெய். எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும், துடைப்பது தற்காலிக வைத்தியம்தான். வெறும் பெட்ரோல் ஈரம் என்றால் அங்கே பொறியே விழவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி ஏறிவிட்டது. இளம் பழுப்பு நல்ல அடையாளம். நான்கு பிளக்கையும் கழற்றிய வரிசையிலேயே வைத்துப் பார்ப்பது முக்கியம். நான்கும் கறுப்பு என்றால் கார்புரேட்டர் பக்கம் போங்கள், ஒன்று மட்டும் என்றால் அந்த சிலிண்டரையோ அதற்குப் போகும் வயரையோ பாருங்கள்.

பழைய டிராக்டருக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு அது செய்யும் வேலையும் ஒரு காரணம். பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிகிற கரி தானே எரிந்துவிடும். ஏர் ஓட்டும்போது அந்தச் சூடு கிடைக்கிறது. சுமையில்லாமல் வெறுமனே உறுமிக்கொண்டு நின்றால் கிடைக்காது. மண்ணெண்ணெய் வண்டிகளைப் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடான பிறகே மாற்றச் சொன்னது வெறும் சடங்கு அல்ல. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல், பாதி எரிந்து பிளக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

துடைப்பதற்குப் பித்தளைப் பிரஷும் கொஞ்சம் பெட்ரோலும் போதும். இரும்புப் பிரஷால் பீங்கானைத் தேய்த்தால் உலோகக் கோடுகள் விழுந்து, கரிக்குப் பதிலாக அவையே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். அப்புறம் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிபார்த்துவிட்டு மாட்டலாம். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

புது பிளக் வாங்கும்போது இன்னொரு சொல் குழப்பும்: ‘ஹாட்’, ‘கோல்ட்’. ஹாட் பிளக் எஞ்சினைச் சூடாக்குவதில்லை, தன் நுனியின் சூட்டை மெதுவாக விடுகிறது, அவ்வளவுதான். அதனால் கசடு குறைவாக ஏறும். பிளக்கின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கலாம் என்றால் அதிலும் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை இல்லை. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடக் கோல்ட், சாம்பியனிலும் பாஷிலும் எண் கூடக் கூட ஹாட்.

டீசல் டிராக்டர்காரர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. சில டீசல் எஞ்சின்களில் ‘குளோ பிளக்’ இருக்கும், ஆனால் அது பொறி விடுவதில்லை, கிளம்பும் நேரத்தில் உள்ளே சூடேற்றும். அதையும் தீப்பொறிச் செருகி என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுச் சூடேற்றி என்று திருத்திக்கொள்ளுங்கள்.